ஸ்டாண்டர்டு கார் விழுந்தது யாரால்?

(பேசின் பிரிட்ஜ் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1948-ல் சென்னையில் இரண்டு மோட்டார் கம்பெனிகள் பிறந்தன. நம் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். அது ஆஸ்டின் கார் பூட்டியது. மற்றொன்று ஸ்டாண்டர்டு; வண்டலூர் பக்கம் வேன்கார்டு கார் பூட்டியது. பாகங்கள் சீமையிலிருந்து வந்தன.

1953-ல் சர்க்கார், "பூட்டினால் போதாது, பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும்" என்றது. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய்த் தொழிலை நிறுத்திக்கொண்டது. எண்ணூர்க் கம்பெனி லாரிக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஸ்டாண்டர்டு காரிலேயே நின்றது.

1961-ல் ஹெரால்டு வந்தது. டாக்டரும் வக்கீலும் விரும்பி வாங்கினார்கள். இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்துச் செய்தது நம் சென்னைத் தொழிலாளி!

பிறகு? 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. மேலே ரோவர் காரின் பகட்டான உடல். உள்ளே பழைய வேன்கார்டு வழிவந்த எஞ்சின். கிழட்டு மாட்டைப் புது வண்டியில் பூட்டிய கதை! விலையோ எட்டாத உயரம். மாருதியோ 1983-லேயே வந்துவிட்டது. 1988-ல் ஸ்டாண்டர்டு ஆலை மூடப்பட்டது.

அந்த எஞ்சினை வைக்கச் சொன்னது யார்? போல்ட் முடுக்கியவனா? பெயிண்ட் அடித்தவனா? முடிவு எடுத்தவன் ஒருவன்; தெருவில் நின்றவன் வேறொருவன். 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றபோதும் இதே கதைதான்.

ஆகவே தோழர்களே, கேட்டில் பூட்டுத் தொங்கும்வரை காத்திராதீர்கள். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய், எந்த மெஷின் வாங்கப் போகிறாய் என்று நிர்வாகத்தை இன்றே கேளுங்கள். சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்!