66 வயதில் மாறிய நீதிபதி

"இந்த வயதுக்கு மேல் நான் மாறவா?" என்று கேட்பவர்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அவர்களுக்காக இன்று ஒரு நீதிபதியின் கதை.

ஜே. வேட்டீஸ் வேரிங். அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரின் பழைய வெள்ளையர் குடும்பத்தில் 1880-இல் பிறந்தவர். 1942-இல் கூட்டரசு மாவட்ட நீதிபதி ஆனார். நிறப் பிரிவினை அவர் பிறந்து வளர்ந்த உலகம்.

1946-இல் ஒரு வழக்கு. போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர் ஐசக் வுட்டார்டை ஒரு போலீஸ் தலைவர் அடித்ததில் இரு கண்களும் போயின. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அரை மணி நேரத்தில் போலீஸ் தலைவரை விடுவித்தது. வேரிங் உறைந்து போனார். அப்போது அவருக்கு வயது 66.

அடுத்த ஆண்டே, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் கறுப்பினத்தவரும் வாக்களிக்கலாம் எனத் தீர்ப்பளித்தார். நண்பர்கள் விலகினர்; வீட்டின்மீது கல் விழுந்தது.

1951-இல் பள்ளிப் பிரிவினை வழக்கு. மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினையை ஏற்றனர். பிரித்து வைப்பதே சமமின்மை என்று வேரிங் மட்டும் எழுதினார். 1952-இல் ஓய்வு பெற்று, ஊரை விட்டு நியூயார்க் சென்றார்.

1954-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் வழிக்கே வந்தது! 1968-இல் அவர் உடல் சார்ல்ஸ்டன் திரும்பியது. அடக்கத்திற்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2015-இல் அந்நகர நீதிமன்றக் கட்டடத்திற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மாறுவதற்கு வயது தடையல்ல, நேயர்களே. ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் தடை.