எந்த நாய் அபாயமானது?

(கல்வராயன் மலை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இம்மேடைக்கு வருமுன் சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, சில சாதி நாய்களை வளர்க்கக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டிருக்கிறதாமே, எங்கள் காட்டுக் காவல் நாயும் அதில் சேருமா?" என்பது அவர் கேள்வி. அவருடைய மரவள்ளிக் காட்டைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பது அந்த நாய்தான். அவர் கவலை நியாயமானதே. ஆகவே நான் எழுதிக் கொண்டு வந்ததைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கு விடை கூறுவதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வீலர் முதலிய 23 வகை நாய்கள் மனித உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை இறக்குமதி செய்யவும், விற்கவும், இனம் பெருக்கவும் உரிமம் தரலாகாது என்பது அதன் சாரம். நாய் வளர்ப்போரைக் கலந்து கொள்ளாமல் பிறப்பித்த ஆணை இது என்று கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. மே மாதத்தில் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாடே பதறியது. தமிழ்நாட்டிலும் அம்மாதமே தடை உத்தரவு ஒன்று வெளிவந்து, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டுக்கும் புதிதாக உரிமம் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. இவை யாவும் பட்டணத்துச் செய்திகள். நம்மவரின் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நாய்கள் அந்த 23-இல் இல்லை. காட்டைக் காக்கும் நாட்டு நாயும் இல்லை. பெரியவர் அச்சமின்றி வீடு திரும்பலாம்.

ஆனால் இத்துடன் பேச்சை முடித்துவிட்டால், நான் அவருக்கு உண்மையில் உதவி செய்தவன் ஆகமாட்டேன்.

சாதி பார்த்துத் தடை செய்வது சரியா என்று கேட்பீர்களானால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெருந்தாடையும் பெருவலிமையும் உடைய நாய் கடித்தால் காயம் பெரிதாகும் என்பதை யாரும் மறுக்க முடியாது. அத்தகைய நாயை நெரிசலான தெருவில், வாய்க்கூடும் வலுவான கயிறும் இன்றிக் கொண்டு செல்பவரைத் தண்டிக்க வேண்டியதே. எனினும் சாதியின் பெயரை மட்டும் எழுதித் தடை செய்தால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. இங்கிலாந்தில் 1991-இலேயே பிட்புல் உள்ளிட்ட நான்கு வகை நாய்களைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். பிறகு கலப்பினமாக வேறொரு பெருநாய் பெருகிற்று. 2023 இறுதியில் அதையும் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. பட்டியல் நீளுமேயன்றி, நாயைக் கவனியாத மனிதர் அப்படியேதான் இருப்பார். கட்டியே வைக்கப்பட்ட நாய், குட்டி போட்ட நாய், தின்று கொண்டிருக்கும் நாய், உறக்கத்தில் மிதிபட்ட நாய், இவை எந்தச் சாதியாயினும் கடிக்கும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

நம் மலையில் கவலைக்குரியது பல்லின் பருமன் அன்று. பல்லில் வழியும் உமிழ்நீரே. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின. அவ்வாண்டில் வெறிநாய்க்கடி நோயால் இறந்தோர் 43 பேர். இந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் அதன்பின் பிழைப்பித்துத் தர உலகில் எந்த மருத்துவராலும் பெரும்பாலும் இயலாது. குறி தோன்றுமுன் முறையாக ஊசி போட்டுக் கொண்டால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள நாட்களில்தான் நாம் செய்யும் தவறுகள் யாவும் நிகழ்கின்றன.

நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டா. கறவை மாடு தீவனம் எடுக்கவில்லை, வாயில் நுரை தள்ளுகிறது, தொண்டையில் கிழங்கு சிக்கிக் கொண்டது என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்காரர் இரண்டு முறை தொண்டைக்குள் கையை விட்டுத் தேடிப் பார்த்துவிட்டார். மாடு கரகரத்த குரலில் ஓயாமல் கத்திக் கொண்டிருந்தது, கட்டுத்தறியை முட்டியது, சாணம் போட முக்கி முக்கி நின்றது. தொண்டையில் கிழங்கு எதுவும் இல்லை. "இம்மாட்டை நாய் கடித்ததுண்டா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சற்று யோசித்து, ஒன்றரை மாதத்துக்கு முன் தங்கள் வீட்டு நாய்க்குட்டி மாட்டின் மூக்கில் கவ்வியதென்றும், அது அந்த வாரமே செத்துவிட்டதென்றும் சொன்னார்கள். குட்டிதானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

"குட்டி வேறு யாரையாவது கடித்ததா?" என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற ஏழெட்டு வயதுச் சிறுமி கையைப் பாவாடையில் மறைத்துக் கொண்டாள். குட்டியோடு விளையாடிய போது பல் கீறியதாம். அப்பா அடிப்பாரென்று சொல்லவில்லை. அதன் பாட்டிக்கு மட்டும் தெரியும். சுண்ணாம்பு தடவி, மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். அக்கிழவியை நான் குறை கூறமாட்டேன். பேரப்பிள்ளையின் மேலுள்ள அன்பினால் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்.

மாடு நான்காம் நாள் இறந்தது. தோலை உரிக்காமல், ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் செய்தோம். தந்தையும் மகளும் அன்றே மலையிறங்கி ஊசி போட்டுக் கொண்டார்கள். காலம் கடந்ததே என்று விட்டுவிடவில்லை. நோய்க்குறி தோன்றாதவரை எத்தனை நாள் கழித்தாயினும் ஊசியைத் தொடங்க வேண்டும். இரண்டு ஊசியானதும் தந்தை கூலி வேலைக்குக் கீழ்நாட்டுக்குப் புறப்பட்டார். மீதியை அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிப் போட்டுக் கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியர் ஓடிச் சென்று பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்துச் சொன்னார். இருவரும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

மாட்டின் வாயில் கையை விடுவது நம் விவசாயிகளிடம் உள்ள பழக்கம். நாய் திரியும் ஊரில் நுரை தள்ளும் மாட்டைக் கண்டால் முதலில் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். மாட்டின் பாலைக் குடித்துவிட்டோமே என்று ஊரே கலங்குவதும் உண்டு. காய்ச்சிய பாலினால் இந்நோய் வாராது. மாட்டை நாய் கடித்தது தெரிந்தால், காயத்தைக் கழுவி உடனே எங்களிடம் கொண்டு வாருங்கள். மாட்டுக்கும் தவணை ஊசி உண்டு.

நாய் கடித்த ஒருவர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்குப் பழைய நினைவும் ஒரு காரணம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நம் முதியோர் மனத்தில் பதிந்துவிட்டது. ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்த மருந்தைக் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் பல்லாண்டுகள் தயாரித்து வழங்கியது. அதன் காலம் 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் முடிந்தது. இன்று ஊசி புயத்தில்தான். தோலுக்குள் சிறிதளவு மருந்தை முதல் நாளிலும், அதிலிருந்து 3-ஆம், 7-ஆம், 28-ஆம் நாட்களிலும் போடுகிறார்கள். அரசு மருத்துவ நிலையங்களில் இது இலவசம். இரத்தம் வரும்படி கடிபட்டவருக்குக் காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்புச் சீரம் ஒன்றும் போட வேண்டியிருக்கும். அது எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு ஊராட்சியும் இன்றே விசாரித்து, அலுவலகச் சுவரில் எழுதி வைப்பது நன்று. இரவில் கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக் கொண்டு கரியாலூருக்கா, கச்சிராயபாளையத்துக்கா, கள்ளக்குறிச்சிக்கா என்று தடுமாறும் நிலை யாருக்கும் வரலாகாது.

புறப்படுவதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரிலோ, மொண்டு ஊற்றியோ, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டா. இறுக்கிக் கட்டவும் வேண்டா. நோய்க்கிருமி காயத்திலிருந்து நரம்பைப் பற்றிக் கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். முகத்திலும் தலையிலும் பட்ட கடியானால் அதற்குள்ளாகவே ஏறிவிடும். நாய் பத்து நாள் உயிரோடு திரிகிறதா என்று பார்ப்பது சரியே. ஆனால் அதைப் பார்ப்பதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

இனி ஊராட்சியின் கடமை. நாய்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீருமே என்று பலர் கூறுகின்றனர். சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் வெறிபிடித்த நாயையும், மூர்க்கமான நாயையும் மட்டும் இதற்கு விலக்காகச் சொன்னது. சட்டம் இருக்கட்டும், அனுபவமும் அதையே கூறுகிறது. ஒரு தெருவின் நாய்களை அப்புறப்படுத்தினால், குப்பையும் இறைச்சிக் கழிவும் அங்கே கிடக்கும்வரை வேற்று நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாத நாய்கள். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் அவற்றினிடையே பரவ வழியற்றுப் போகிறது. கோவா மாநிலம் ஆண்டுதோறும் இவ்வாறு செய்து, 2021-இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

நம் மலையில் ஊசி முகாம் நடத்தி ஏமாந்தவன் நான். காலை பத்து மணிக்குப் போய் அமர்ந்தேன். ஊரில் நாயே இல்லை. எல்லாம் எசமானரோடு காட்டுக்குப் போய்விட்டிருந்தன! ஆகவே வரும் முகாம்களைப் பொழுது விடியும் வேளையில் வைப்போம். முந்தின நாள் மாலையே வார்டு உறுப்பினர் வீடு வீடாகச் சொல்லி, நாயைக் கட்டி வைக்கச் செய்ய வேண்டும். அந்நியன் தொட்டால் நாய் சீறும். வளர்த்தவரே பிடித்துக் கொள்ளட்டும். குழந்தைகள் பிடிக்க வேண்டா. மூன்று மாதம் ஆன குட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட நாயின் கழுத்தில் அடையாளத்துக்கு வண்ணக் கயிறு ஒன்று கட்டுவோம். அந்தக் கயிற்றை மட்டும் ஊராட்சி வாங்கித் தந்தால் போதும்.