கையும் நாவும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றும் எனக்கு மருத்துவத்தில் என்ன வேலை என நீங்கள் எண்ணக்கூடும். எனக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் நடுக்குவாதத்திற்கு ஆளானார். அவருக்குத் துணையாகச் சென்று கண்டதையே கூற விழைகிறேன்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விரித்துரைத்த நோய் இது. பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் பெனாபித் குழுவினர் 1987இல், மூளையின் ஆழத்தில் இடைவிடாது மின்துடிப்புகளைச் செலுத்தி நடுக்கத்தை அடக்க வழிகண்டனர். மூளைக்குள் மெல்லிய மின்முனைக் கம்பி. காறையெலும்பின் கீழ், தோலுக்கடியில், துடிப்பைத் தரும் கருவி. இது நோயை வேரறுப்பதில்லை. அதன் கொடுமையைத் தணிக்கிறது.

அறுவையோடு பணி முடிந்தது என்றிருந்தேன். அதன் பின்னரே அது தொடங்கிற்று. சில வாரங்கள் கழித்து, மாத்திரை உண்ணாத ஒரு காலையில், மருத்துவர் மின்முனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நொடிக்கு 130 துடிப்புகள். ஒவ்வொன்றும் 60 மைக்ரோ நொடி. மின்னளவு மட்டும் சிறுகச் சிறுக ஏறியது. ஐயாவின் கை அடங்கியது. என் கண்கள் பனித்தன. இன்னும் சற்று ஏற்றியதும் நாக் குழறிற்று. நாவையும் முகத்தையும் இயக்கும் நரம்பிழைகள் அருகிலேயே செல்கின்றன. மின்புலம் அவற்றைத் தொட்டால் இவ்வாறு நேரும்.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று படிதோறும் வினா எழுந்தது. முந்திக்கொண்டு நான் விடை கூறினேன். "அவர் சொல்லட்டும்" என்றார் மருத்துவர். ஐயா கூச்சம் வேறு, மதமதப்பு வேறு, இறுக்கம் வேறு எனப் பிரித்துரைத்தார். அச்சொற்களைக் கொண்டே மருத்துவர் அளவை ஏற்றினார், இறக்கினார்.

பன்முறை சென்றோம். மின்முனையை மாற்றியும் அதிர்வெண்ணைக் குறைத்தும் பார்த்தனர். கை முழுதும் அடங்கினால் பேச்சுத் தெளியவில்லை. இறுதியில் ஐயா, "கை சற்று நடுங்கட்டும் அம்மா, பாடம் சொல்ல எனக்கு நா வேண்டும்" என்றார். அவ்வாறே அளவு அமைந்தது. கடிகாரம் செப்பனிடும் ஒருவராயின் கையையே வேண்டியிருப்பார். எது நல்வாழ்வு என்பதைக் கருவி அறியாது, வாழ்பவரே சொல்லவேண்டும்.

ஆதலின் இவ்வட்டத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் முதியோர் உடல்நோவைச் சொல்லும் சொற்களைத் தொகுப்போம், மருத்துவர்க்கு அளிப்போம். வீட்டில் நோயுற்றோர் பேசும்போது குறுக்கிடாது கேட்போம்.