தொலைவில் இருந்தும் தந்தையாய்



நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி, இறந்த விசுவாசிகளுக்காக மன்றாடினோம். அங்குள்ள கல்லறைகளுள் ஒன்று இவ்வாண்டு எழுப்பப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தந்தை அதில் துயில்கிறார். குடும்பத்தாரின் விருப்பப்படி, பெயரைச் சொல்லாமல் அவருடைய வாழ்வை இன்று சிந்திப்போம்.

நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்கு லாரித் தொழில் புதிதல்ல. நம் ஊர் வழியே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. அதன் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா, தில்லி ஆகிய ஊர்களை நாம் வரைபடத்தில் பார்க்கிறோம். அவர் அவற்றைத் தூக்கம் மறந்த இரவுகளில், வண்டி விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தார்.

ஒருமுறை இருபத்து மூன்று நாள் கழித்து வீடு திரும்பினார். மூன்று வயது மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா இந்த மாமா?” என்று கேட்டாள். அன்று இரவு தமக்குச் சோறு இறங்கவில்லை என்று அவரே நம்மிடம் சொல்லியிருக்கிறார். அதே மகளின் புதுநன்மை நாளில், லோடு இறக்கத் தாமதமாகி, அவரால் வர முடியவில்லை. “எல்லாரோட அப்பாவும் வந்தாங்க” என்று அழுத பிள்ளை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வண்டியை நிறுத்தும் ஊரிலெல்லாம் பிள்ளைகளுக்கென்று இரண்டு வரி எழுதினார். எங்கே சமைத்தோம், எங்கே மழை பெய்தது, எங்கே ஒரு கோவிலைக் கண்டு செபித்தோம் என்று எழுதினார். கைபேசி இல்லாத காலம் அது. இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறையும்வரை காத்திருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து நோட்டை வாசிப்பார். அடக்கத்தன்று அந்த மகள் இருபத்தெட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். “அப்பா வீட்டில இல்லாத நாளுக்கெல்லாம் கணக்கு இதுல இருக்கு” என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விடியற்காலையில் அவர் நொடிப்பொழுது கண்ணயர்ந்து, வண்டி சாலைத் தடுப்பில் உரசி நின்றது. அதற்குப் பிறகு தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். தாமதத்துக்காக முதலாளி பணம் பிடித்தபோதும் மாறவில்லை. “தம்பி, லோடு நாளைக்குப் போய்ச் சேரலாம். நாம வீடு போய்ச் சேரணும்” என்று கிளீனர் பையன்களுக்குச் சொல்வார். சாலையில் சாவோமோ என்று அஞ்சிய அவர், தம் வீட்டில், மனைவி மக்கள் செபமாலை சொல்ல, கண்மூடினார்.

அன்பர்களே, புனித சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவர் நடந்த வழிகள் உண்டு. குழந்தையைக் காக்க இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார். எருசலேமில் காணாமற்போன மகனை மூன்று நாள் மனம் வெந்து தேடினார். தந்தையின் அன்பு பல நேரம் பேச்சில் வெளிப்படுவதில்லை. அவர் போன தூரத்திலும் திரும்பி வந்த வழியிலும் வெளிப்படுகிறது.

எனவே நாம் என்ன செய்வோம்? நம்முள் லாரி வைத்திருப்போர் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்திருந்தது. ஓட்டுநரின் தூக்கத்தைப் பறித்துச் சேர்க்கும் பணம் ஆசீராகாது. ஓய்வெடுத்தவரின் கூலியைப் பிடிக்காதிருப்போம். தந்தை வெளியூரில் இருக்கும் வீடுகளை நம் அன்பியங்கள் சந்திக்கட்டும். தொலைவில் உழைக்கும் தந்தையரே, இன்றிரவு உங்கள் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளைகளே, அப்பா வராத நாளை மட்டும் எண்ணாதீர்கள்.

இறைவா, எங்கள் சகோதரரின் நெடும்பயணம் முடிந்தது. உம் இல்லத்தில் அவருக்கு இளைப்பாற்றி தாரும். இன்றிரவு சாலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் வீடு கொண்டுவந்து சேர்த்தருளும். ஆமென்.