பிள்ளையின் கூலியைத் திருடியது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் பணிபுரிந்த தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேசுகிற இந்த மேடையில், போலீஸ் பிடித்துக் கொண்டு போன பிள்ளைகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஒரு பதினாறு வயதுப் பையன். அவனுடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவன் பேரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். வழக்கில் சிக்கிய சிறுவனின் பேர், ஊர், படம் எதையும் வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்லுகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

நான் பார்த்த வேலைக்கு ஆபீஸில் ‘கேஸ் ஒர்க்கர்’ என்று பேர். பதினெட்டு வயது நிறையாத ஒருவன் மீது குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவர்களின் கோர்ட்டுக்குக் கொண்டு போவதில்லை. இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவார்கள். அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை முடியும் வரை பையனை வெளியே விடவில்லையென்றால் கூர்நோக்கு இல்லத்தில் வைப்பார்கள். அங்கே அவனுக்கென்று ஒரு கட்டு திறக்கப்படும். குடும்பம் எப்படிப்பட்டது, படிப்பை ஏன் விட்டான், எங்கே வேலை செய்தான், வெளியே போனால் என்ன செய்வான் என்பதையெல்லாம் விசாரித்து எழுதுவதும், அவனுக்கு ஒரு பராமரிப்புத் திட்டம் போடுவதும், வெளியே போன பிறகும் அவனை மறக்காமல் பார்ப்பதும் கேஸ் ஒர்க்கரின் வேலை.

நான் ஒப்பந்த ஊழியன். கையில் அறுபது கட்டுகள். விசாரணை அறிக்கை எழுத வேண்டிய நன்னடத்தை அலுவலரின் இடமும் அப்போது காலி. அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுகிறேன்.

இரண்டு சொல்லில் முடிந்த அறிக்கை

ஒரு நாள் அந்தப் பையனைக் கொண்டு வந்தார்கள். லேத் பட்டறையில் வேலை செய்தவன். பழைய மோட்டாரிலிருந்து தாமிரக் கம்பியை உருவி, பழைய இரும்புக் கடையில் 1,400 ரூபாய்க்கு விற்றுவிட்டான் என்று வழக்கு. பட்டறை முதலாளிதான் புகார் கொடுத்தவர். பையனும் மறுக்கவில்லை. “ஆமாங்க சார், எடுத்தேன்” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழுமம் அவனுக்கு ஜாமீன் கொடுத்தது. பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக் கொண்டு போகலாம் என்பது நிபந்தனை. ஒருவரும் வரவில்லை. அடுத்த அமர்வுக்கும் வரவில்லை. நான் கட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? “பெற்றோர் அக்கறை காட்டவில்லை. வீட்டுச் சூழல் ஏற்றதல்ல.” வீட்டைப் பார்க்காமலே எழுதினேன், தோழர்களே! வேலை என்ற இடத்தில் “பட்டறை வேலை” என்று இரண்டு சொல்லை எழுதி நிரப்பினேன். அறிக்கையைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது.

அந்தப் பையன் பூட்டிய கதவுக்குள் 41 நாள் இருந்தான். முப்பத்தைந்தாவது நாளோ என்னவோ, மாலையில் எல்லோரும் பந்து விளையாடிக் கொண்டிருந்தபோது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“சார், பட்டறையில நான் எடுத்ததுக்கு என்னைப் புடிச்சாங்க. மூணு மாசமா என் சம்பளத்தை அவரு எடுத்து வெச்சிருக்காரு. அதுக்கு யாரைப் புடிப்பாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ‘என்ன சம்பளம்?’ என்று அப்போதுதான் கேட்டேன். ஐந்து வாரமாக நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

சுவரில் தொங்கிய காலண்டர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவனுடைய வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. திண்ணையில் அவன் தகப்பன் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலை. மில்லை விட்டு வெறுங்கையோடு வந்தவர். தாய் களை எடுக்கப் போய்விட்டு மத்தியானம் வந்தாள். நான் யார் என்று தெரிந்ததும் கையைக் கும்பிட்டு நின்றாள். “ஏம்மா, ஒரு தடவைகூட வரவில்லையே?” என்று கேட்டேன்.

“வந்தனுங்க சார். ஒருக்கா வந்தனுங்க. நான்தான் தாயின்னு சொன்னதுக்கு, கார்டு எங்கேன்னு கேட்டாங்க. ரேசன் கார்டு அடமானத்துல கெடக்குதுங்க. வாசல்லயே நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துட்டனுங்க. அடுத்த வாரம் நடவு. ஒரு நாள் கூலி போச்சுன்னா இவருக்கு மாத்திரை இல்லீங்க.”

அக்கறை காட்டாத பெற்றோர் என்று நான் எழுதிய தாய் இவள்தான்!

உள்ளே சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. கிழித்த தாள்களை எறியாமல் ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போன நாளிலெல்லாம் பையன் தாளின் பின்னால் நீல மையில் ஒரு கோடு போட்டிருந்தான். எண்ணினேன். 71 கோடுகள். நாளுக்கு 300 ரூபாய் கூலி. 21,300 ரூபாய். ஒரு காசு கைக்கு வரவில்லை. கேட்டபோதெல்லாம், “உன் அப்பன் வாங்கின முன்பணம் இருக்கிறது” என்று முதலாளி சொன்னாராம். முன்பணம் 5,000 என்று தாய் சொன்னாள். தகப்பனுக்கு மூச்சுத் திணறல் அதிகமான அன்று, பையன் கடைசியாக ஒரு முறை கேட்டிருக்கிறான். கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் கம்பியை உருவினான்.

அவன் செய்தது தப்பு. அவனிடமும் அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்ச தண்டனை மூன்று வருஷம். வேலைக்கு வைத்துக் கொண்ட பிள்ளையின் கூலியைக் கொடுக்காமல் பிடித்து வைத்தால், 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை கடுங்காவல், அதோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பெரிய குற்றம் எது? 1,400 ரூபாயா, 21,300 ரூபாயா? ஆனால் உள்ளே இருந்தவன் யார்? பட்டறையில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தவர் யார்?

ஏழாவது நாள்

என் தவறு இன்னொன்றும் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாளுக்கு மேல் ஒரு சிறுவன் உள்ளே இருந்தால், அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையை மாற்ற வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்லுகிறது. ஏழைக்காகவே எழுதப்பட்ட வரி அது. அதை எடுத்து வைக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். நான் எடுத்து வைக்கவில்லை. அந்தப் பையன் வாழ்வில் ஒரு மாதத்துக்கு மேல் போனதற்கு என் பேனாவும் பொறுப்பு.

திங்கட்கிழமை காலண்டர்த் தாள்களைக் கட்டி எடுத்துக் கொண்டு குழுமத்தின் முன் போனேன். என் பழைய அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த அமர்வில் தாய் வந்தாள். தனியாக வரவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் உடன் வந்தார். அன்றைய கூலியை, அவளோடு களை எடுக்கும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். “இவள்தான் பையனின் தாய், எங்கள் ஊர்க்காரி” என்று அந்தத் தோழர் சொன்னதைக் குழுமம் கேட்டுக் கொண்டது. பள்ளிக்கூடச் சான்றிதழில் தாயின் பேரும் இருந்தது. பையன் அன்றே வீட்டுக்குப் போனான். பிறகு, எச்சரித்து அனுப்பி, வழக்கை முடித்தார்கள்.

கூலி? சங்கத் தோழர்கள் பட்டறைக்குப் போய்ச் சட்டத்தைச் சொன்ன பிறகு, முன்பணத்தைக் கழித்துக் கொண்டு பாக்கியை இரண்டு தவணையில் கொடுத்தார். புகார் கொடுக்கலாமா என்று தாயிடம் கேட்டோம். “எம் புள்ளை வந்துட்டான், போதுமுங்க” என்றாள். ஆகவே அந்த முதலாளியின் பேரில் வழக்கு இல்லை. பையனின் கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஒரு பையன் திரும்பி வரவில்லை

உள்ளே ஒரு மாதம் போனால் என்ன, சோறு போடுகிறார்களே என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31-ந் தேதி ஒரு பதினேழு வயதுப் பையன் இறந்தான். திருட்டு வழக்கில் பிடிபட்டு அங்கே வந்து சில நாள்கூட ஆகவில்லை. அடித்ததில் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, அந்த இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான், 2023-ல், இப்படிப்பட்ட இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்ட ஒருநபர் குழுவைத் தமிழக சர்க்கார் அமைத்தது.

இந்தியாவிலேயே முதன்முதலாகச் ‘சிறுவர் சட்டம்’ போட்டது சென்னை மாகாணம். அது 1920-ல். நாடு முழுவதற்கும் பொதுவாக 1986-ல் ஒரு சட்டம், 2000-ல் ஒரு சட்டம், 2015-ல் ஒரு சட்டம். பிள்ளையை இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போதைய சட்டம் சொல்லுகிறது. நூறு வருஷமாகச் சட்டம் வளர்ந்தது. ஆனால் வாசலில் நின்ற தாயிடம் அந்தச் சட்டத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஆள் யார்? கேஸ் ஒர்க்கர் என்று சர்க்கார் சொல்லும். சரிதான். ஆனால் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஒப்பந்த ஊழியன் தனியாக உட்கார்ந்திருந்தால் அவன் என்னைப் போலத்தான் எழுதுவான். போதிய ஆள் போடு, நிரந்தரம் செய் என்று கேட்க வேண்டும். கேட்டுக் கொண்டிருக்கும் நேரத்தில் நாமும் சும்மா இருக்கக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, ஐந்து விஷயத்தை மனதில் வைத்துக் கொண்டு போங்கள்.

ஒன்று: பிடித்த பிள்ளையை லாக்கப்பிலும் ஜெயிலிலும் வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சேதி கேட்டவுடன் இரண்டு பேராவது ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இரண்டு: வயதுக்கு முதல் சாட்சி பள்ளிக்கூடச் சான்றிதழ். அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இவற்றை எடுத்துக் கொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

மூன்று: வக்கீலுக்குப் பணமில்லை என்று பயப்பட வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி சிறுவர்களுக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

நான்கு: ஜாமீன் கிடைத்தும் பிள்ளை வரவில்லையென்றால் ஏழு நாளை எண்ணுங்கள். எட்டாவது நாள் குழுமத்தின் வாசலில் நில்லுங்கள். தாயின் ஒரு நாள் கூலியை நாம் பங்கு போட்டுக் கொடுத்தால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

ஐந்து: இதுதான் கஷ்டமானது. திரும்பி வந்த பிள்ளையைத் திருடன் என்று கூப்பிடாதீர்கள். வழக்கு முடிந்த பிறகு அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும், அதைக் காட்டி அவனுக்கு எந்தத் தகுதியும் பறிபோகக் கூடாது என்று சட்டம் சொல்லுகிறது. பெரிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட சிலரின் விஷயம் மட்டும் வேறு. மற்றவர்களின் கட்டைச் சர்க்கார் எரித்துவிடும். நம் தெருவின் வாயில் இருக்கிற கட்டை யார் எரிப்பது? அதை நாம்தான் எரிக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிறான். அதே தாமிரக் கம்பிதான். காலையில் அவன் கையில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள், சாயங்காலம் எடை சரியாக இருக்கிறது. வாரம் தவறாமல் கூலி வருகிறது. பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதினான். இரண்டு பாடத்தில் போய்விட்டது. மறுபடி எழுதப் போகிறான். போன மாதம் அவனைப் பார்த்தேன். “இன்னும் காலண்டரில் கோடு போடுகிறாயா?” என்று கேட்டேன்.

“போடறனுங்க சார். இப்பக் கணக்கு ரெண்டு பேருகிட்டயும் இருக்குது” என்றான்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை பட்டறையிலோ ஓட்டலிலோ தறியிலோ வேலை செய்து கொண்டிருப்பான். இன்று ராத்திரி வீட்டுக்குப் போகிற வழியில் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா?” அந்தக் கேள்வியை நான் ஐந்து வாரம் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் இன்றே கேளுங்கள்.