கண் உருவாகும் நாட்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயிரியல் வகுப்பில் கண்ணின் படத்தைக் கீறிப் பாகங்களைக் குறித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் கண் எப்படி உருவாகிறது என்பதை நான் மருத்துவம் படிக்கும்போதுதான் அறிந்தேன்.

கரு உண்டாகி நான்காவது வாரத்தில், மூளையாகப்போகும் பகுதியின் இரு பக்கமும் சிறு குமிழ்கள் புடைத்து வெளித்தோலை நெருங்குகின்றன. அவை அனுப்பும் இரசாயனச் செய்தியும் சேர, அவ்விடத்துத் தோற்கலங்கள் தடித்து, உட்குழிந்து, வில்லையாகின்றன. குமிழும் கிண்ணம்போல் மடிந்து விழித்திரையாகிறது. வேறிடத்திலிருந்து நகர்ந்து வரும் இன்னொரு வகைக் கலங்கள் முன்புறத்து விழிவெண்படலத்தின் பெரும்பகுதியை அமைக்கின்றன. எந்தக் கலமும் தனியே கண்ணாவதில்லை. 1901இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹான்ஸ் ஸ்பேமான் தவளை முளையத்தில் குமிழாகவேண்டிய பகுதியை அழித்தார். அந்தப் பக்கத்தில் வில்லையே உருவாகவில்லை.

இந்த நாட்களில் தாய்மார் பலருக்குத் தாம் கர்ப்பவதி என்பதே தெரியாது. அப்போது ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, தொற்றினால் குழந்தையின் கண், காது, இருதயம் பாதிக்கப்படலாம். 1941இல் சிட்னி கண் வைத்தியர் நோர்மன் கிரெக், பிறவியிலேயே வில்லை மங்கிய 78 குழந்தைகளை ஆராய்ந்து இதை வெளிப்படுத்தினார்.

இலங்கையில் 1996இல் 11 முதல் 44 வயதுவரையான பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி வழங்கத் தொடங்கினார்கள். நான் அப்போது இங்கே மாணவி. ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஏன் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

பல வருடங்களின் பின், என் முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோது, உடம்பெல்லாம் செம்புள்ளிகளோடு வந்த ஒரு குழந்தையைப் பரிசோதித்தேன். வீடு வந்தபின்தான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஆறாவது வாரம்! கை கால் குளிர்ந்துவிட்டது. பாடசாலை நாட்களில் போட்ட அந்த ஊசி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரத்தப் பரிசோதனையில் எனக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. பிள்ளை நலமாகப் பிறந்தாள்.

2020இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் ருபெல்லா ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. ஆனால் எங்கள் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் வாழ்கிறார்கள். எல்லா நாடுகளிலும் அந்நிலை இல்லை. உங்கள் மகளோ மருமகளோ கல்யாணப் பேச்சில் இருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் இதைப் போட முடியாது. போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்கவேண்டும்.

அன்று வரிசையில் எங்களை நிற்கவைத்த ஆசிரியைகளுக்கு, காலம் தாழ்த்தியேனும், நன்றி.