அடி யாருடையது?



தாம்பரம் சானடோரியத்தில் உள்ள சித்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். அவருடைய ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயர் பெற்றதுதான் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. கானாவும் ராப்பும் ராக்கும் அங்கே ஒன்றாக ஒலித்தன.

அந்த உந்துதலில்தான் தாம்பரத்தில் எலக்ட்ரானிக் இசை செய்யும் நாங்கள் ஒரு மொட்டைமாடியில் கூடத் தொடங்கினோம். தொடக்கத்திலேயே தவறினோம். சாவுக்கு வாசிக்கும் ஓர் அண்ணனின் சட்டிமேளத்தைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, டிராக் ஆக்கினோம். பெயர்ப் பட்டியலில் இருந்தது லேப்டாப் வைத்திருந்த நாங்கள் மட்டும்.

“என் அடிதானே தம்பி அது?” என்று கேட்டார்.

இப்போது அடித்தவர் பெயர் முதலில். பணத்தில் சரிபங்கு. லேப்டாப்பில் வெட்டி ஒட்டும்போது அவரும் உட்காருகிறார். மேளத்தை உள்ளே எடுத்துக்கொண்டு மேளக்காரரை வெளியே நிறுத்துவதும் தீண்டாமைதான், தோழர்களே.